நூறு வி.ஏ. பெட்டியும் நாலு குண்டு பல்பும்

சைக்கிள் ஹப்பை வைத்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் மெஷின் செய்தவன் நான். சுற்றை எண்ணுவதற்கு, ஓட்டை உடைசல் கடையில் கிடந்த பெட்ரோல் பங்க் மீட்டரின் எண் சக்கரங்களைக் கழற்றி அதில் மாட்டினேன். இன்றுவரை அது ஒரு சுற்றுத் தவறவிட்டதில்லை. ஆயில் டிரம்மைப் படுக்கப் போட்டு அறுத்து, கதவு வைத்து, மோட்டாருக்கு வார்னிஷ் காயவைக்கும் அடுப்பாக்கினேன். மரக்காணத்தில் நாலு கீற்றும் ஒரு மேஜையுமாக இருந்த கடையைத் தளம் போட்ட கட்டடமாக எழுப்பினேன். புயலில் கழுவெளி உப்பேரித் தண்ணீர் உப்பளத்துக்குள் ஏறிய வருடம், மூழ்கிப்போன மோட்டார்கள் என் கடை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசையாகக் கிடந்தன. ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. அத்தனையையும் ஓட விட்டேன். கிளியனூர்க் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், கீழ்புத்துப்பட்டில் ஐஸ் உடைக்கும் மோட்டார், ஆரோவில் பக்கத்துத் தோட்டங்களின் ஆழ்குழாய் பம்பு, எல்லாம் என் கை பட்டவை. இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் செய்தேன். வீட்டுக்கு மாடி எடுத்தேன்.

இதில் எதற்கும் என்னிடம் சர்டிபிகேட் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் பாதி வரைக்கும்தான் படிப்பு. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். எண் என்றால் ஒரே பார்வைதான்.

நான் பிறந்தது மீன்பிடிக் குப்பத்தில். அலை தாண்டினால் எனக்கு வாந்தி வரும். அப்பா மூன்று முறை கடலுக்குக் கூட்டிப் போனார், மூன்று முறையும் படகைக் கழுவ வைத்தேன். நான்காவது முறை கூட்டிப் போகவில்லை, திண்டிவனத்தில் மோட்டார் சுற்றும் ஒரு வைண்டிங் கடையில் கொண்டுபோய் விட்டார். கடலுக்கு லாயக்கில்லாதவன் என்று குப்பமே சிரித்தது. சிரித்தவர்கள் பிறகு படகு இஞ்சினின் டைனமோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். வந்த ஒவ்வொருவனையும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டேன். எனக்கு மறதி கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வைண்டருக்குச் சொத்து என்றால் கடையும் இல்லை, மெஷினும் இல்லை. "அவன் சுத்துனா நிக்கும்", அதாவது நீடித்து உழைக்கும், என்று நாலு பேர் சொல்வதுதான். உப்புக்காற்று எந்தச் செம்பையும் தின்றுவிடும். இங்கே இரண்டு வருடம் ஓடுகிற மோட்டார் வெளியூரில் ஆறு வருடம் ஓடும். அதனால் ஒருவனுடைய சுற்று நிற்கிறது என்ற பேச்சு லேசில் வராது. எனக்கு வருவதற்கு முப்பது வருடம் ஆனது. அதை ஒருவர் ஒரே காலையில் பிடுங்கிப் போட்டார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவர் இங்கே ஒரு பெரிய உப்பளக் கம்பெனியின் என்ஜினீயர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். படித்தது மெக்கானிகல். கரண்டு வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். கழுவெளியிலிருந்து உப்புத் தண்ணீரை ஏற்றித் தேக்கத்துக்கு அனுப்ப அங்கே நாலு பம்பு உண்டு. தேக்கத்தில் காய்ந்து கனமான தண்ணீர்தான் பாத்திகளுக்குப் போகும். நாலு மோட்டாரையும் அந்த சீசனுக்கு முன்னால் சுற்றிக் கொடுத்தது நான். ஆபரேட்டர் என் தங்கை வீட்டுக்காரர், எனக்கு மச்சான்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மோட்டார் பேனல் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குண்டு பல்பு எரியும். வெளிச்சத்துக்காக இல்லை, சூட்டுக்காக. பல்பு இல்லாவிட்டால், விடியற்காலையில் கதவைத் திறந்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். நாலு நாளில் செம்பில் பச்சை பூக்கும், ஸ்க்ரூவில் உப்பு பூக்கும். அதனால் பொழுது சாயும்போது பல்பைப் போட்டுவிட்டு, மறுநாள் வெயில் உறைத்த பிறகுதான் அணைப்பார்கள். வீட்டில் சாமிக்கு விளக்கு வைக்க மறந்தாலும் பேனலுக்கு பல்பு போட மறக்க மாட்டார்கள்.

அந்த பல்புகள் அதுவரை வீட்டுக் கரண்டில், இருநூற்று முப்பது வோல்ட்டில் எரிந்தன. ஒரு நாள் மச்சான் ஈரக்கையோடு பல்பை மாற்றப் போய் ஷாக் அடித்து விழுந்தார். பல் உடைந்தது, உயிர் போகவில்லை. என்ஜினீயர் உடனே, பேனல் பல்பெல்லாம் இனி நூற்றுப்பத்து வோல்ட்டில்தான் எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது நல்ல எண்ணம். அவரை எனக்கு ஆகாது, ஆனாலும் அதை நல்ல எண்ணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து நூற்றுப்பத்து வோல்ட் பல்பாக, அறுபது வாட்டில் நாலு வாங்கி வந்தார்கள். நூற்றுப்பத்து வோல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். பம்பை ஸ்டார்ட் செய்கிற கான்டாக்டர் காயில்களுக்காக முதல் பேனலில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்தது. நாலு பல்பையும் அதிலேயே சேர்த்து, ஒரே சுவிட்சில் கட்டிவிட்டார்கள்.

அந்த வாரத்திலிருந்து பம்பு காலையில் எடுக்கவில்லை. பட்டனை அமுக்கினால் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் அதே பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். பனி இருக்கும்போது படுத்துக்கொள்கிறது, வெயில் வந்ததும் எழுந்துகொள்கிறது. இதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? மோட்டாருக்குள் ஈரம் இறங்குகிறது, சுற்றினவன் வார்னிஷ் சரியாக விடவில்லை என்றுதான் தோன்றும். என்ஜினீயருக்கும் அதுதான் தோன்றியது. எனக்கு ஆள் அனுப்பினார். பம்பு ஹவுஸில் இருபது பேர் நின்றிருந்தார்கள். உப்பு வாரும் பெண்கள், லாரிக்காரர்கள், பக்கத்து உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர்.

"பெரியவரே, வார்னிஷ்னு சொல்லி என்னாத்த ஊத்துனீங்க? வெல்லப் பாகா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். உடைந்த பல் தெரிந்ததால் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மெக்கர் வைத்துப் பார்க்கலாம் சார் என்றேன். சுற்றில் கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும் மீட்டர் அது. அதெல்லாம் தேவையில்லை என்றார். நாலு மோட்டாரையும் ஒவ்வொன்றாகச் சென்னைக்கு அனுப்பிச் சுற்றப் போவதாக, முதலாளியிடம் பேசியாகிவிட்டது என்றார். நான் கடைக்குத் திரும்பி வருவதற்குள் பேச்சு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் பக்கத்து உப்பளத்துக்காரர், சுற்றுவதற்குப் போட்டிருந்த மோட்டாரைச் சுற்றாமலே திரும்ப எடுத்துப் போனார். அவசரம் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடப் பேச்சு போகும்போது இப்படித்தான் மரியாதையாகப் போகும்.

மறுநாள் வெள்ளி முளைக்கும்போதே நான் பம்பு ஹவுஸில் இருந்தேன். மச்சான் வேண்டாம் என்றார், வேலை போய்விடும் என்று பயந்தார்.

"நேத்து சிரிச்ச இல்ல மச்சான், அதுக்கு இன்னிக்கு கதவத் தொற," என்றேன். திறந்தார்.

நாலு மோட்டாருக்கும் மெக்கர் வைத்தேன். நாலும் சுத்தம். ஒன்றில்கூடக் கசிவு இல்லை. என் சுற்று என்னைக் கைவிடவில்லை. பிறகு பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு முதல் பேனலுக்குள் தலையை விட்டேன். வார்னிஷ் கருகும் வாசனை. மோட்டாரிலிருந்து இல்லை, அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து. புறங்கையை வைத்தேன், இழுத்துக்கொண்டேன். மீட்டரைப் பிடித்துப் பார்த்தால் எண்பத்தாறு. நூற்றுப்பத்து இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தாறு. அங்கே ஒரு ரிலே உண்டு. வோல்ட் தொண்ணூறுக்குக் கீழே போனால் பம்பை நிறுத்திவிடும். அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. மச்சானிடம் பல்பு சுவிட்சை அணைக்கச் சொன்னேன். மீட்டர் நூற்றெட்டுக்கு ஏறியது. பட்டனை அமுக்கினார். பம்பு எடுத்தது. வெளியே இன்னும் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

டிரான்ஸ்பார்மரை நாங்கள் பெட்டி என்போம். அதன் மேல் ஒரு தகடு இருக்கும். அதில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது ரேஷியோ. அந்தத் தகட்டில் 415/110 என்று இருந்தது. நானூற்றுப் பதினைந்து உள்ளே வந்தால் நூற்றுப்பத்தாக்கி வெளியே தருவேன் என்று அர்த்தம். அது வெறும் சுற்றுக் கணக்கு. அந்த அளவுப் பெட்டியில் வோல்ட்டுக்கு நாலு சுற்று. உள்ளே வருகிற பக்கம் ஆயிரத்து அறுநூற்று அறுபது, வெளியே போகிற பக்கம், அதாவது செகண்டரியில், நானூற்று நாற்பது. இரண்டாவது விஷயம் ரேட்டிங். 100 வி.ஏ. என்று போட்டிருந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதுதான் வி.ஏ. நூற்றுப்பத்து தருவேன், ஆனால் ஒரு ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவாக இழுத்தால்தான் தருவேன், அதற்கு மேல் இழுத்தால் நான் பொறுப்பில்லை என்று அந்தப் பெட்டி எழுதிக் கொடுத்த பத்திரம் அது. அந்தச் செகண்டரிக் கம்பி தலைமுடிக்குக் கொஞ்சம் தடிமன். அதன் தலையில் நாலு பல்பு, இருநூற்று நாற்பது வாட். அதற்கு மேல் நாலு காயில். வோல்ட் தொங்காமல் என்ன செய்யும்?

என்ஜினீயர் வந்ததும் சொன்னேன். மரியாதையாக, சார் சார் என்றுதான் சொன்னேன். மோட்டாரில் குறை இல்லை, பல்புச் சுமையை அந்தப் பெட்டி தாங்கவில்லை, பல்புக்குத் தனியாக ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்றேன். பல்பை மறுபடி போடச் சொல்லி அவரே மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். எண்பத்தாறு. மோட்டார் காரணமில்லை என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. நேற்று இருபது பேர் முன்னால் சொன்னதை இன்று ஒரு வார்த்தையில் திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"இது ரேஷியோ ப்ராப்ளம். நூத்திப்பத்து வரணும், எம்பத்தாறுதான் வருது. செகண்டரில டர்ன்ஸ் பத்தல. ரேஷியோன்னா என்னான்னு தெரியுமா பெரியவரே உங்களுக்கு?"

"தெரியும் சார். இது ரேஷியோ இல்ல."

"அஞ்சாங்கிளாஸ்ல எந்தப் பாடத்துல வந்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் அப்போதும் சிரித்தார்கள், முந்தின நாளைவிடக் குறைவாக. அவர் செல்போனில் கணக்குப் போட்டார். இருபத்தைந்து சதவீதம் சுற்றைக் கூட்டினால் சரியாக வந்துவிடும், பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக் கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த இடத்தில் நான் இரண்டு விதமாக நடந்திருக்கலாம். இன்னொரு முறை எடுத்துச் சொல்லியிருக்கலாம். பகலில் பல்பை அணைத்ததும் அந்த அதிக வோல்ட் முழுசும் காயில் மேல் விழும், காயில் வெந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குப் பட்டப்பகல் மாதிரித் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க சார். எனக்கு மறதி ஜாஸ்தி."

எழுதினார். செகண்டரி 110-ஐ 138 ஆக்கவும், கம்பி அதே கேஜ், என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். தேதி போடச் சொன்னேன், அதையும் போட்டார். அதை மடித்து பனியன் பாக்கெட்டில் வைத்தேன். அன்று மத்தியானம் சோறு ருசியாக இருந்தது.

நானூற்று நாற்பதோடு இன்னும் நூற்றுப் பன்னிரண்டு சுற்று. உள்ளே இடமே இல்லை, நெருக்கி நெருக்கி நுழைத்தேன். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எரியப் போகிற பெட்டி என்று தெரிந்தும், என் ஆயுளில் சுற்றியதிலேயே சுத்தமான சுற்று அதுதான். எரியும்போது என் சுற்றால் எரிந்தது என்று ஒரு பயலும் சொல்லக்கூடாது இல்லையா.

மறுநாள் காலை பல்பு எரிந்தது, பம்பும் எடுத்தது. மீட்டர் நூற்றேழு காட்டியது. என்ஜினீயர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார். பார்த்தீர்களா பெரியவரே என்றார். பார்த்தேன் சார் என்று டீயைக் குடித்தேன். பல்பை அணைத்த பிறகு யாரும் மீட்டரைப் பிடித்துப் பார்க்கவில்லை. காயில்கள் ஒரு மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தன. மச்சானுக்கு மட்டும் சந்தேகம். வாசல் வரை வந்து, இன்னா மச்சான் வண்டு மாதிரி கத்துது என்று கேட்டார். புதுசு, பழகிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் முதல் காயில் புகைந்தது. அதை மாற்றுவதற்குள் இரண்டாவது. பிறகு ரிலே. மூன்று மணிக்கு நாலு பம்பும் நின்றுவிட்டன. எனக்குச் செய்தி வந்தபோது கடையில் இருந்தேன். கையில் இருந்த வேலையை முடித்தேன். கை கால் கழுவினேன். வெளுத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல் சைக்கிளில் போனேன். பம்பு ஹவுஸ் வாசலில் இறங்கும்போது அந்தக் கருகின வாசனை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

புதுச்சேரியிலிருந்து முதலாளி வந்துவிட்டார். வயதானவர், அப்பா காலத்திலிருந்து உப்பிலேயே இருப்பவர். என்ஜினீயர் அவரிடம், வைண்டர் சுற்றைக் கூட்டி வைத்துவிட்டான், நூற்று முப்பத்தைந்து வோல்ட் வருகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.  நான் அந்தப் பேப்பரை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன். படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். என்ஜினீயரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார், நடந்தது என்ன என்று.

கரண்டுப் பேச்சுப் பேசினால் அவருக்குப் புரியாது. தண்ணீரில் சொன்னேன். ரேஷியோ என்பது வாய்க்காலின் தலைமாட்டில் தண்ணீர் நிற்கிற மட்டம், ரேட்டிங் என்பது வாய்க்காலின் அகலம். குறுகல் வாய்க்காலில் எல்லாப் பாத்தியும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைசிப் பாத்திக்கு எட்டாது. அதற்கு வாய்க்காலை வெட்டி அகலப்படுத்த வேண்டும். இவர் தலைமாட்டில் மட்டத்தை ஏற்றச் சொன்னார். எல்லாரும் மடையைத் திறந்திருக்கிற வரைக்கும் எட்டும். மடையை அடைத்ததும் அந்த மட்டம் அப்படியே கடைசி வரைக்கும் வந்து நின்று வரப்பை உடைக்கும். காலையில் பல்பு எரிந்தது, எட்டியது. பகலில் பல்பை அணைத்தார்கள், உடைந்தது. அவ்வளவுதான் என்றேன்.

முதலாளி தலையாட்டினார். வாழ்நாளெல்லாம் வரப்பு பார்த்த மனுஷன், ஒரே முறையில் புரிந்துகொண்டார். நான் என்ஜினீயரைத் திரும்பிப் பார்த்தேன். வெல்லப் பாகு என்று கேட்ட வாய் மூடியிருந்தது. அந்த முகத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். சில நாள் தூக்கம் வராவிட்டால் எடுத்துப் பார்ப்பேன்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி விடவில்லை.

"ஏம்பா, இது இப்பிடி ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் சுத்திக் குடுத்தியா?"

"ஆமாங்க. சொன்னேன், கேக்கல. எழுதிக் குடுத்தாரு, சுத்திக் குடுத்தேன்."

 முதலாளி பேப்பரை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.

வெளியே உப்பு வாரும் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் என் வழியை மறித்தாள். கொளுத்துகிற பங்குனி வெயில். தண்ணீர் நின்றுபோனால் பாத்தித் தரை வெடித்துவிடும். மறுபடியும் தண்ணீர் விட்டு, நாள் கணக்கில் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் உப்பு இறங்கும். அதுவரை அவர்களுக்கு வாருவதற்கு ஒன்றும் இல்லை.

"ஏண்ணா, அந்தாளு திமிரு புடிச்சவன், நீ பெட்டிய எரிச்ச. சரி. எங்க பாத்தி உனக்கு இன்னா பண்ணுச்சி?"

நான் சைக்கிளை எடுத்தேன்.  என்ஜினீயர் மன்னிப்புக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லலாம். அது அவளுக்குப் பதில் ஆகாது.

புதுப் பெட்டி சுற்றும் வேலையையும் முதலாளி எனக்கே கொடுத்தார். வேறு யாரும் அவ்வளவு சீக்கிரம் செய்ய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெரிய ஸ்டெபிலைசரை உடைத்து உள்ளே இருந்த இரும்புத் தகடுகளை எடுத்தேன். ஐந்நூறு வி.ஏ. தாங்கும் கனம். இரும்பு கனமாக இருந்தால் வோல்ட்டுக்கு இரண்டு சுற்றே போதும். செகண்டரியை ஒன்றாகப் போடவில்லை, இரண்டாகப் போட்டேன். இரண்டும் நூற்றுப்பத்துதான், ரேஷியோ மாறவில்லை. காயில்களுக்கு ஒரு சுற்று, நூற்றைம்பது வி.ஏ. பல்புகளுக்குத் தனியாக ஒரு சுற்று, பதினெட்டு கேஜ் தடிக் கம்பி, முந்நூற்றைம்பது வி.ஏ. பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் காயிலுக்குத் தெரியவே தெரியாது. இந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கொண்டுபோய் மாட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை அது ஓடுகிறது, ஒரு காலைகூட நின்றதில்லை. வைத்தபோது நூற்றொன்பது, போன மாதம் மச்சான் பார்த்துச் சொன்னதும் நூற்றொன்பது.

என்ஜினீயரை முதலாளி வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார் என்று மச்சான் சொன்னார். திட்டு வாங்கியதும் அந்த மனுஷன் என் பெட்டியை நன்றாகப் படித்துக்கொண்டார். படித்தவர் இல்லையா, சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு செகண்டரி, பல்புக்குத் தனி, காயிலுக்குத் தனி என்று படம் போட்டு வைத்துக்கொண்டார். மற்ற உப்பளத்து ஆட்கள் வந்து பார்த்தபோது அவர்தான் கதவைத் திறந்து விளக்கினார். அதே மாதிரி பெட்டி கேட்டு அவர்கள் என் கடைக்கு வந்தார்கள். வேலை திரும்ப வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பழைய பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. அவன் சுத்துனா நிக்கும் என்பதோடு, ஆனா அவங்கிட்ட வெச்சிக்காத, எரிய விட்டுடுவான் என்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் அடுத்த பெஞ்சில் குரல் இறங்கும்.

போன வருடம் கம்பெனி புது பம்பு ஹவுஸ் கட்டியது. என் பெட்டியைப் பழைய பேனலோடு அங்கே மாற்றி வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன், கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரிப்பன் வெட்டி முடிந்ததும் உள்ளே போய்ப் பார்த்தேன். பேனலுக்கு மேல் சுவரில் பித்தளைத் தகடு. 'நூற்றுப்பத்து வோல்ட் பாதுகாப்பு விளக்கு அமைப்பு. வடிவமைப்பு', அதற்குக் கீழே என்ஜினீயர் பெயர், பட்டத்தோடு. கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, தமிழிலேயே போட்டிருந்தார்கள். அவர் அங்கேயே நின்று ஆட்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாங்க பெரியவரே, நீங்களும் நில்லுங்க என்று ஓரத்தில் இடம் காட்டினார். பிளாஷ் அடித்தால் எனக்குக் கண் கூசும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுவாரம் ஆபீஸுக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். நல்ல மனுஷன், உட்கார வைத்துப் பேசினார். தகட்டில் என் பெயரும் வர வேண்டும் என்றேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டு யோசித்தார். பெட்டி நீங்கள் சுற்றியதுதான், எல்லாருக்கும் தெரியும், இல்லை என்று யார் சொன்னது என்றார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"ஆனா பாருங்க, அந்த எரிஞ்ச கதையும் கூடவே வருது இல்ல. உங்க பேரப் போட்டா, இவரு தானே வேணும்னே எரிய வுட்டவருன்னு ஆளுங்க கேக்கும். முதலாளிக்கு அது புடிக்கல."

ஒரு சால்வை போர்த்துகிறோம், அடுத்த ஆயுத பூஜைக்கு வாருங்கள் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் இல்லை, ஒரு தெளிவுதான் இருந்தது. அவர்கள் எரிந்த கதையைக் காட்டி என் பெயரை மறைக்கிறார்கள். அந்தக் கதையை நான் எப்போது மறைத்தேன்? முதலாளி கேட்டபோது நின்ற இடத்தில் ஒப்புக்கொண்டவன் நான். தப்புக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்தான் அன்றைக்கு அதை என் தலையில் போடப் பார்த்தார். அவர் பெயர் பித்தளையில் இருக்கிறது.

அதனால் இங்கே, நாலு பேர் படிக்கிற எழுத்தில் கேட்கிறேன். அவர் பெயரை எடுக்க வேண்டாம். பல்பை நூற்றுப்பத்துக்கு மாற்றச் சொன்னது அவர், என் மச்சான் இன்று உயிரோடு இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. அதற்குக் கீழே இரண்டு வரி வெட்டுங்கள். முதல் பெட்டி எரியும் என்று தெரிந்தே சுற்றிக் கொடுத்தவன் இவன் என்று ஒரு வரி. இரண்டு செகண்டரி போட்டு இந்தப் பெட்டியைச் சுற்றியவனும் இவனே என்று ஒரு வரி. இரண்டுக்கும் சேர்த்து என் பெயர், அப்பா பெயரோடு. பித்தளைக்கும் வெட்டுகிற ஆளுக்கும் நானே ஏற்பாடு செய்கிறேன். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போடலாம் என்று சமாதானத்துக்கு யாரும் வர வேண்டாம். வந்தால் வெயிலில்தான் நிற்க வேண்டியிருக்கும். இரண்டும் என் வேலை. இரண்டையும் போடுங்கள்.